“பாத்துச் செய்வம்” என்றால் எப்போது? எவ்வளவு?
வாசகர் கேள்வி – பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதி முதலாளிகளுடையவை, மீதி வேலை செய்யும் பிள்ளைகளுடையவை. இரண்டு பக்கமும் ஒரே சொல்லில் போய் இடறுகிறது: “பாத்துச் செய்வம்.” முதலாளி அதை நல்ல மனதோடுதான் சொல்கிறார். கேட்கிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அதில் தேதியும் இல்லை, தொகையும் இல்லை.

கேள்வி: கிளிநொச்சி நகரில் ஹார்ட்வெயார் கடை நடத்துகிறேன். ஒன்பது பேர் வேலை. தொடக்கச் சம்பளம் 32,000 ரூபா. பெடியள் மூன்று நாலு மாதத்துக்கு மேல் நிற்கிறார்களில்லை. போன வருடம் ஆறு பேர் போய்விட்டார்கள். இன்னும் கூட்டிக் கொடுத்தால் நிற்பார்களா?

கூட்டுவதற்கு முன் ஒரு கொப்பியை எடுத்து, போன ஆறு பேரும் சேர்ந்த தேதியையும் வேலையை விட்டு நின்ற தேதியையும் எழுதிப் பாருங்கள். முதல் சம்பளம் வாங்கி ஒரு கிழமைக்குள் நின்றிருந்தால், நீங்கள் சொன்ன தொகைக்கும் கையில் கிடைத்த தொகைக்கும் இடையில் இடைவெளி இருக்கிறது. நாலாம் மாதத்தில் நின்றிருந்தால், “மூண்டு மாதம் போகட்டும், பாத்துக் கூட்டுவம்” என்று யாரோ சொல்லி, அந்த மூன்று மாதம் பேச்சில்லாமல் கடந்திருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஆள் எடுக்கும் காலத்தில் நின்றிருந்தால் அது உங்கள் பிழையல்ல. அதற்காகச் சம்பளத்தைக் கூட்டிப் பயனில்லை.

மூன்று நாலு மாதம் என்று நீங்கள் சொன்னாலும், முதலாவது காரணமும் உங்கள் கடையில் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம். கணக்கைப் பாருங்கள். 32,000 ரூபாவில் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஓய்வுகாலச் சேமிப்பான ஈபிஎஃப்) வேலையாளின் பங்கு 8 வீதம், 2,560 ரூபா கழியும். கையில் கிடைப்பது 29,440. பிள்ளை வீட்டில் 32,000 என்று சொல்லியிருக்கும், ஃபோனுக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ கட்டுக்காசும் பேசியிருக்கும். முதல் மாதமே 2,560 குறைந்தால், “முதலாளி வெட்டிப்போட்டார்” என்பதுதான் வீட்டில் நடக்கும் பேச்சு. நீங்கள் மேலே போடும் 12 வீதம், அதாவது 3,840 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கட்டும் 3 வீதம், 960 ரூபாவும் அந்தப் பேச்சில் வராது. அவை இருப்பது பிள்ளைக்குத் தெரியாது. உங்களுக்கு அந்த ஆள் மாதம் 36,800 ரூபா, அவருடைய கணக்கில் 29,440. நடுவில் இருக்கும் 7,360 ரூபாவும் அவருடைய பேரிலேயே சேருகிறது என்பதை முதல் நாளே சொல்லாதது உங்கள் நட்டம்.

அடுத்தது நேரம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் (1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கம்) நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுக்கிறது. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வு. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு, அதுவும் கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. உங்கள் கடை காலை 8.30 இலிருந்து மாலை 5.30 வரை என்று சொல்லி ஆள் எடுத்து, உண்மையில் 7 மணிக்குத்தான் ஷட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். நாளுக்கு ஒன்றரை மணி, ஐந்து நாளைக்கு ஏழரை மணி. நாலு கிழமைக்கு 30 மணித்தியாலம்.

32,000 ஐ 240 ஆல் (30 நாள், நாளுக்கு 8 மணி) பிரித்தால் மணிக்கு 133.33. ஒன்றரை மடங்கு 200 ரூபா. 30 மணிக்கு 6,000 ரூபா. மேலதிக நேரக் காசுக்குச் சேமலாப நிதி கழிப்பதில்லை. ஆகவே கையில் 35,440. பல கடைகளில் இந்த 6,000 ரூபா ஒரு பிளேன்ரீயும் வடையுமாக முடிந்துவிடுகிறது. பிறகு “பெடியளுக்குப் பொறுப்பில்லை” என்று குறைப்படுகிறோம்.

இனி ஆள் தேவை என்று பேஸ்புக்கில் போடும்போது “கவர்ச்சிகரமான சம்பளம்” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். சம்பளத்தை மறைப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், பிள்ளைகளுக்கும் அது தெரியும். இப்படிப் போடலாம்: “அடிப்படைச் சம்பளம் 32,000. சேமலாப நிதி கழித்துக் கையில் 29,440. கிழமையில் ஐந்து நாள் மாலை 7 மணிவரை நின்றால் மேலதிக நேரத்துக்கு மாதம் 6,000 அளவில். 6 மாதம் முடிந்ததும் 35,000. சீமெந்துப் பை தூக்கும் வேலை உண்டு.” கடைசி வரியை விடாதீர்கள். 50 கிலோ பை தூக்க மாட்டாத பிள்ளை மூன்றாம் நாள் விட்டுப்போவதைவிட விண்ணப்பிக்காமலே விடுவது இருவருக்கும் லாபம்.

சம்பளத்தைக் கூட்டலாமா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. உங்கள் 32,000 அதற்கு 2,000 தான் மேலே. தொகையால் மட்டும் கொழும்போடும் வெளிநாட்டோடும் போட்டி போட முடியாது. சொன்னதைச் சொன்ன தேதியில் கொடுப்பதில் போட்டி போடலாம்.

கேள்வி: கராஜ் வைத்திருக்கிறேன், வவுனியா. 12 பேர். எல்லோருடைய சம்பளத்தையும் வெளியில் போடுவதுதான் வெளிப்படைத்தன்மை என்று என் மகன் சொல்கிறான். போட்டால் அன்றைக்கே சண்டை வரும். என்ன செய்வது?

மகன் சொல்வதில் பாதி சரி. ஆளின் பேருக்கு நேரே தொகை எழுதத் தேவையில்லை. படியையும் அந்தப் படியின் சம்பள எல்லையையும் எழுதினால் போதும். எந்த வேலை தெரிந்தால் எந்தப் படி என்பதே பிள்ளைகள் அறிய விரும்புவது.

கராஜுக்கு இது கடை, கந்தோரைவிட இலகு, ஏனென்றால் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு வெள்ளைப் பலகையில் நிரலாக வேலைகளை எழுதுங்கள்: எஞ்சின் ஒயிலும் ஃபில்டரும் மாற்றுதல், பிரேக் பாட் மாற்றுதல், பிரேக் ஒயில் காற்று எடுத்தல், கிளச் பிளேட் இறக்கி ஏற்றுதல், டைமிங் பெல்ட், வயரிங் குறை கண்டுபிடித்தல், ஸ்கானர் போட்டுக் குறை வாசித்தல், வாடிக்கையாளருக்கு மதிப்பீடு எழுதுதல். நிரைகளில் ஆட்களின் பேர். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று குறிகளில் ஒன்று: பார்த்திருக்கிறார், பக்கத்தில் ஒருவர் நின்றால் செய்வார், தனியே செய்வார். தனியே செய்வார் என்ற குறியைப் போட, தலைமை மெக்கானிக்கின் முன் மூன்று வாகனத்தில் திரும்பி வராத வேலை செய்திருக்க வேண்டும்.

பிறகு படிகள். உதாரணத்துக்கு: உதவியாளர் 32,000 – 36,000, முதல் மூன்று வேலையும் தனியே செய்தால் மெக்கானிக் 40,000 – 52,000, எட்டும் தனியே செய்து இருவரைப் பழக்கியிருந்தால் தலைமை மெக்கானிக் 60,000 – 75,000. தொகைகளை உங்கள் வரவுக்கு ஏற்ப மாற்றுங்கள், ஆனால் எல்லையை எழுதிய பிறகு அதற்கு வெளியே ஒருவரையும் வைக்காதீர்கள். அறிவியல் நகரிலுள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு வெளிவரும் பிள்ளைகள் “நான் எந்தப் படியில் தொடங்குவேன்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். 4 ஆம் மட்டம் முடித்தவர் எங்கே, 5 ஆம் மட்டத்து டிப்ளோமாக்காரர் எங்கே என்பதையும் அந்தப் பலகையில் எழுதிவிட்டால் நேர்முகத்தில் பேரம் இல்லை.

சண்டை வரும் என்ற பயம் பொய்யல்ல. அது வரும் இடங்களையும் சொல்கிறோம். முதலாவது, நாலு வருடமாக நிற்பவர் 38,000 வாங்க, ஆள் கிடைக்காத அவசரத்தில் போன மாதம் எடுத்தவருக்கு 42,000 கொடுத்திருப்பீர்கள். பலகை மாட்டினால் அது தெரியும். (மாட்டாவிட்டாலும் தெரியும். மதியம் சாப்பிடும்போது பிள்ளைகள் ஒருவர் சம்பளத்தை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.) ஆகவே பலகைக்கு முன் பழையவரைச் சரிசெய்யுங்கள். ஒரே மாதத்தில் முடியாவிட்டால், “மூன்று மாதத்தில் இவ்வளவு, ஆறாம் மாதத்தில் இவ்வளவு” என்று எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுங்கள்.

இரண்டாவது, மச்சான். குடும்பக் கராஜில் மனைவியின் தம்பி “மனேஜர்” ஆக இருப்பார், அவர் எந்தப் படியிலும் இல்லை. அது தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. உங்கள் சொத்து, உங்கள் தீர்மானம். ஆனால் அந்தக் கதிரை குடும்பத்துக்கானது என்பதை நேர்முகத்திலேயே சொல்லிவிடுங்கள். தலைமை மெக்கானிக்தான் உயர்ந்த படி என்று அறிந்து சேர்ந்தவர் தலைமை மெக்கானிக்காக நிற்பார். மனேஜர் ஆகலாம் என்று நம்பிச் சேர்ந்தவர், மச்சானைக் கண்ட அன்றைக்கே பாஸ்போட் எடுக்கப் போவார்.

மூன்றாவது, மூத்த மெக்கானிக் பழக்கமாட்டார். தான் பழக்கினால் தன் தேவை குறையும் என்ற பயம் அவருக்கு. ஸ்கானரைக் கையில் எடுத்தால் இளையவரை “போய் சாமான் எடுத்துக்கொண்டு வா” என்று அனுப்பிவிடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை. ஒருவரைத் தனியே செய்யும் நிலைக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு வேலைக்கும் பழக்கியவருக்கு ஒரு தொகை என்று வையுங்கள், அதையும் பலகையில் எழுதுங்கள். கராஜ் வேலைக்குச் சம்பளச் சபைத் (தொழில்வாரியாகச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சபை) தீர்மானங்கள் உண்டு என்பதால் மேலதிக நேரம் கணக்கிடும் முறை கடைக்குச் சொன்னதுபோல் இருக்காது. பலகை மாட்டுமுன் தொழில் திணைக்கள அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஒரு சுப்பர் மார்க்கட்டில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். எங்களுக்குச் சம்பளத் துண்டு தருவதில்லை, என்வலப்பில் காசு மட்டும். காஷியரில் காசு குறைந்தால் எல்லோரிடமும் பிரித்துக் கழிக்கிறார்கள். முதலாளி கெட்டவர் அல்ல. எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார். நான் அவருக்கு என்ன கொடுக்கலாம்?

பாதித் துண்டுக் கடதாசி போதும். பேர், மாதம், அடிப்படைச் சம்பளம், வேலை செய்த நாள், மேலதிக நேரம் எத்தனை மணி என்றும் மணிக்கு எவ்வளவு என்றும் தனித்தனியே, சேமலாப நிதி 8 வீதம், வாங்கிய முற்பணம், மற்றக் கழிவு இருந்தால் என்ன காரணம், கையில் கொடுக்கும் தொகை. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, முதலாளி கட்டும் 12 வீதமும் 3 வீதமும், சேமலாப நிதி உறுப்பினர் இலக்கமும், மிச்சமிருக்கும் லீவு நாளும். பிரதி ஒன்றில் கையொப்பம் வாங்கி வையுங்கள். நாளைக்கு யாராவது முறைப்பாடு கொடுத்தால் முதலாளியைக் காப்பதும் அதே துண்டுதான்.

துண்டு கொடுக்கத் தொடங்கும் முதல் மாதம் கேள்விகள் குவியும். இரண்டு மூன்று பிழைகளும் பிடிபடும். துண்டு கொடுத்த அன்றைக்கே அரை மணித்தியாலம் ஒதுக்கி, “பிழை இருந்தால் இப்ப சொல்லுங்கோ, அடுத்த சம்பளத்தில் திருத்துவம்” என்று முதலாளியே சொல்வது நல்லது. பிழையைப் பிடித்தவரின் முகத்தைப் பார்த்து முகம் சுளித்தால் அடுத்த மாதம் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள், வேறு வேலை தேடுவார்கள்.

முற்பணத்துக்கு ஒரு கொப்பி: தேதி, தொகை, எத்தனை மாதத்தில் கழிப்பது, இரண்டு கையொப்பம். 20,000 முற்பணத்தை ஒரே மாதத்தில் கழித்தால் ஆள் அந்த மாதமே மறுபடி கேட்டு வருவார், நாலு மாதத்தில் 5,000 ஆகக் கழியுங்கள்.

காசுக் குறைவை எல்லோரிடமும் பிரிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். எழுத்தில் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் கைவைப்பது சட்டச் சிக்கல். அதைவிட, திருடாதவர் திருடினவருக்காகக் கட்டுகிறார், ஆகவே நல்லவர்தான் முதலில் போவார். குறைவு வருவதற்கான காரணம் பெரும்பாலும் ஒரே லாச்சிக்குள் மூன்று பேர் கை வைப்பது. ஒரு ஷிஃப்டுக்கு ஒருவர், ஒருவருக்கு ஒரு லாச்சி, கணினியில் தனித்தனிக் கடவுச்சொல். தொடங்கும்போது 5,000 சில்லறை எண்ணி இருவர் கையொப்பம், ஆள் மாறும்போது எண்ணி மறுபடி இருவர் கையொப்பம். மதியச் சாப்பாட்டுக்கு எழும்பும்போது “கொஞ்சம் பாத்துக்கொள்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுப் போவதில்தான் இந்த முறை உடையும். அந்த இருபது நிமிடமும் லாச்சியைப் பூட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன், வயது 23. ஒரு தனியார் நிறுவனத்தில் எட்டு மாதமாக வேலை. “ட்ரெய்னிங்தானே” என்று நியமனக் கடிதமும் தரவில்லை, சேமலாப நிதியும் இல்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம்.

தங்கச்சி, பயிற்சி என்று பேர் வைத்தாலும் நீங்கள் செய்வது சம்பளத்துக்கு வேலை. சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டியது, தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் உண்டு. ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் முதலாளிக்கு அந்தக் கடமை உண்டு. கடை, அலுவலகச் சட்டத்தின்படி வேலை விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டியதும் சேரும் நாளில்தான்: பதவி, சம்பளம், எப்போது கொடுக்கப்படும், தகுதிகாண் காலம் எவ்வளவு, என்ன காரணத்தால் நிறுத்தலாம், வேலை நேரம், லீவு, மேலதிக நேர வீதம், சேமலாப நிதி.

கேட்கும் விதம் முக்கியம். எல்லோர் முன்னாலும் வேண்டாம், சம்பள நாளிலும் வேண்டாம். நடுமாதத்தில் ஒரு பின்னேரம், “ஐயா, நான் சேர்ந்து எட்டு மாதமாச்சு. நியமனக் கடிதமும் ஈபிஎஃப் இலக்கமும் எப்ப கிடைக்கும் எண்டு ஒரு திகதி சொன்னா நல்லம்” என்று கேளுங்கள். “தருவீங்களா?” என்று கேட்டால் “பாத்துச் செய்வம்” என்பார். “எப்ப?” என்று கேட்டால் தேதிதான் பதில். அந்தத் தேதியை அன்றைக்கே வட்ஸ்அப்பில், “ஐயா, இண்டைக்குச் சொன்ன மாதிரி 30 ஆம் திகதி கடிதம் எடுக்க வாறன், நன்றி” என்று மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

அதோடு கையில் உள்ளதைச் சேர்த்து வையுங்கள்: சம்பளம் வங்கியில் விழுந்த பதிவு, வேலை பற்றி வந்த செய்திகள், வந்த நேரமும் போன நேரமும் எழுதிய சின்னக் கொப்பி. வரவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், அது நிறுவனத்தின் சொத்து. இரண்டு தேதி தவறினால் தேசிய அடையாள அட்டையோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய்ப் பேசலாம். சேமலாப நிதி கட்டுகிறோம் என்று சொல்லியும் சந்தேகம் இருப்பவர்கள், நிறுவன இலக்கத்தையும் உறுப்பினர் இலக்கத்தையும் கேட்டு வாங்கி அங்கேயே சரிபார்க்கலாம். ஒரு மாதத்துப் பங்களிப்பு அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும், ஆகவே ஒரு மாதம் தாமதமாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

முதலாளிகளுக்கும் இதில் ஒரு வரி. பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் உண்டு, பிந்தப் பிந்த அது ஏறும். எட்டு மாதம் மிச்சம் பிடித்த காசு எப்படியும் போகத்தான் போகிறது.

கேள்வி: முல்லைத்தீவு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஆவணியில் மடுவுக்கும் ஒரே நாளில் பாதிப்பேர் லீவு கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் சொல்லாமலே வராமல் நிற்கிறார்கள். அறுவடைக் காலத்திலும் அப்படித்தான். இதுக்கும் வெளிப்படைத்தன்மைக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. போன முறை கேட்டவருக்கு ஏன் கொடுத்தீர்கள், இந்த முறை இவருக்கு ஏன் இல்லை என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால், லீவு என்பது முதலாளிக்கு யார் பிடித்தவர் என்பதன் அளவாகிவிடும்.

சட்டப்படி ஒரு வருடம் முடித்தவருக்கு வருடாந்த லீவு 14 நாள், சமயோசித லீவு (திடீர்த் தேவைக்கு எடுப்பது) 7 நாள். முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் வீதம் சமயோசித லீவு மட்டும். இரண்டாவது வருடத்தின் வருடாந்த லீவு, சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: ஜனவரி–மார்ச்சில் சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல்–ஜூனில் 10, ஜூலை–செப்டெம்பரில் 7, அதன் பிறகு 4. இதை மார்கழியிலேயே பிள்ளைக்குத் துண்டில் எழுதிக் கொடுத்தால் “எனக்கு எத்தனை நாள் கிடக்கு?” என்ற கேள்வியே வராது.

பிறகு கலண்டர். சுவரில் மாட்டி, நெருக்கும் நாட்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள்: வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா, மாசி பங்குனிக் காலபோக அறுவடை. அந்த நாட்களில் எத்தனை பேர் வேலையில் நிற்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பத்துப் பேரில் ஆறு பேர் வேண்டுமென்றால் நாலு இடம். ஆறு கிழமைக்கு முன் பேர் கொடுக்க வேண்டும். முந்திக் கேட்டவருக்கு என்று வைத்தால் துடிப்பானவர் ஒவ்வொரு வருடமும் எடுத்துவிடுவார், ஆகவே போன வருடம் எடுக்காதவருக்கு முதலிடம். அதன் பிறகே முந்தினவர். நேர்த்திக்கடன் இருப்பவர் விடயம் வேறு, காவடி எடுப்பவரை இந்தக் கணக்கில் அடக்காதீர்கள். அதை மற்றப் பிள்ளைகளே ஒத்துக்கொள்வார்கள்.

தீபாவளியைப் பற்றியும் தெளிவாகச் சொல்லுங்கள். தைப்பொங்கல் தனியார் கடைகளுக்கும் சட்டப்படி விடுமுறை. தீபாவளி பொது, வங்கி விடுமுறை மட்டும்தான், கடைகளைக் கட்டுப்படுத்தாது. வன்னியில் எந்த முதலாளியும் அன்றைக்குக் கடை திறப்பதில்லை என்பது வேறு கதை. ஆனால் அந்த ஒரு நாளை வருடாந்த லீவில் கழிக்கிறீர்களா, சும்மா கொடுக்கிறீர்களா என்பதை முன்கூட்டியே எழுதாவிட்டால், வருடக் கடைசியில் 14 நாளில் ஒன்று எங்கே என்று கேள்வி வரும். எங்கள் கருத்து: சும்மா கொடுங்கள்.

கேள்வி: எங்கள் கடைக்குப் பெண்பிள்ளைகள் விண்ணப்பிப்பதே இல்லை. ஏன்?

விளம்பரத்தில் கடை பூட்டும் நேரம் இல்லை. தாய் தகப்பன் முதலில் பார்ப்பது அதைத்தான், அடுத்தது கடைசி பஸ். பூட்டும் நேரம், பிந்தினால் வீடு சேர்க்கும் ஒழுங்கு, பெண்களுக்குத் தனி மலசலகூடம் உண்டா, தொல்லை வந்தால் யாரிடம் சொல்வது (அந்த ஆள் தொல்லை கொடுக்கக்கூடிய மேற்பார்வையாளராக இருக்கக் கூடாது) என்ற நாலையும் எழுதுங்கள். பெற்றோர் வந்து பார்க்க விரும்பினால் வரலாம் என்றும் சேருங்கள்.

கேள்வி: பட்டதாரிப் பிள்ளைகளை எடுத்துப் பழக்குகிறோம். அரச நியமனம் வந்ததும் அடுத்த நாளே போகிறார்கள். மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்தால் என்ன?

வைக்காதீர்கள். சான்றிதழைப் பிடித்து வைக்கும் இடம் என்று ஊரில் பேர் எடுத்தால், வேறு வழியில்லாதவர் மட்டும்தான் வருவார். பிரதி வாங்கி, மூலத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

நேர்முகத்தில் நேரடியாகக் கேளுங்கள்: “கவர்மெண்ட் வேலைக்குப் போட்டிருக்கிறீங்களா?” எல்லோரும் ஆம் என்பார்கள், அதில் குற்றமில்லை. “வந்தால் போங்கோ, ஒரு மாதம் முன்னறிவித்தல் தாங்கோ, அது முடியாவிட்டால் இரண்டு கிழமையாவது இருந்து வேலையைக் கைமாற்றித் தாங்கோ” என்று சொல்லி அதையே கடிதத்தில் போடுங்கள். போவதை மறைக்கத் தேவையில்லாத பிள்ளை முன்கூட்டியே சொல்லும்.

தனியார் வேலையில் பிறகு ஒன்றும் இல்லை என்பது வீட்டாரின் பெரிய பயம். அதற்குத் தொகையோடு பதில் சொல்லுங்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடை உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 40,000, ஆறு வருடம் என்றால் 120,000 ரூபா. அதோடு சேமலாப நிதியில் மாதாமாதம் சம்பளத்தின் 20 வீதம். தாய் தகப்பனுக்கு விளங்கும் கணக்கு இது.

கேள்வி: விவசாயிகளுக்குக் கடனுக்குச் சாமான் கொடுக்கிறோம். “நெல் வித்துத் தாறன்” என்பார்கள். மழை பிழைத்தால் காசு வராது, சம்பளம் பிந்தும். உள்ளதைச் சொன்னால் பிள்ளைகள் பயந்து ஓடமாட்டார்களா?

சொல்லாமல் பிந்தினால்தான் ஓடுவார்கள். மாதச் சம்பளம் மாதம் முடிந்து 10 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும், அதுதான் சட்டம். உங்கள் கடையில் மாத முடிவிலேயே கொடுப்பது வழக்கம் என்றால், 25 ஆம் தேதி கையில் உள்ள காசையும் வர வேண்டியதையும் எண்ணுங்கள். போதாது என்று தெரிந்தால் 26 ஆம் தேதி, சம்பள நாளன்று அல்ல, எல்லோரையும் கூப்பிட்டு மூன்று தொகை சொல்லுங்கள்: சம்பளத்துக்குத் தேவை இவ்வளவு, கையில் இவ்வளவு, மிச்சம் வரும் தேதி இது. கடன் கொப்பியில் யாருடைய பேர் இருக்கிறது என்று சொல்ல வேண்டாம், அது அடுத்தவன் வீட்டு விடயம், மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

குறைவாகப் பிரிப்பதென்றால் ஆகக் குறைந்த சம்பளக்காரருக்கு முழுதும் முதலில். மேலே உள்ளவர்களுக்குப் பாதி, மிச்சம் 10 ஆம் தேதிக்கு முன். உங்கள் வீட்டுக்கு எடுக்கும் காசு கடைசி. அதைச் சொல்லவும் வேண்டும், ஏனென்றால் சம்பளம் பிந்திய கிழமை நீங்கள் புது ஃபோனோடு வந்தால் மூன்று தொகையையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். 8 வீதத்தைக் கழித்துவிட்டுக் கட்டாமல் வைத்துச் சமாளிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அது கடையின் காசு அல்ல, பிள்ளைகளின் காசு.

10 ஆம் தேதிக்குள்ளும் முடியாது என்றால் இரண்டாவது தேதி சொல்வதற்கு முன் வங்கியிலோ உறவினரிடமோ ஒழுங்கு பண்ணி முடியுங்கள். முதல் தேதி தவறினால் பொறுப்பார்கள். இரண்டாவதும் தவறினால் வேலைக்கு வருவார்கள், ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறு இடத்துக்கு ஃபோன் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.